கேபிள் போட்ட கணினியில் மட்டும் நெட் திடீர் திடீரென்று போகிறது, செல்போனில் வருகிறது. என்ன செய்யலாம்?

காவிரிக்கரை கணக்கர் | வெள்ளி, 15 நவம்பர், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் இருந்து எழுதுகிறேன். வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். 20ஆம் தேதிக்குள் அத்தனை பேருக்கும் ஜிஎஸ்டி 3பி (மாத வரிக் கணக்கு) போட்டாக வேண்டும். இந்த நேரம் பார்த்து நெட் கழுத்தறுக்கிறது.

கணினி வாங்கி 6 வருடம், விண்டோஸ் 10. வீட்டுக்கு ஃபைபர் லைன். கம்பெனிக்காரர்கள் வைத்த வெள்ளைப் பெட்டி கூடத்தில் இருக்கிறது. அதிலிருந்து பக்கத்தில் ஒரு 8 போர்ட் ஸ்விட்ச் பெட்டி (நெட் கேபிளைப் பலவாகப் பிரித்துத் தருவது), அங்கிருந்து என் மேசைக்குக் கேபிள். என் கணினியில் வைஃபை கிடையாது.

வேலை ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று மூலையில் உலக உருண்டைப் படம் வந்து 'நோ இன்டர்நெட்' என்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சில நாள் வந்துவிடுகிறது, சில நாள் வருவதில்லை. ஒரு முறை இரவு முழுக்க வராமல், காலையில் கணினியைப் போட்டதும் தானாக வந்தது. அதே நேரத்தில் என் செல்போனில் வைஃபை ஜோராக ஓடுகிறது. ஒரு இரண்டு வாரமாக இந்தப் பாடு. புதிதாக எதையும் மாற்றவில்லை, எதையும் இன்ஸ்டால் செய்யவும் இல்லை.

---

ரீஸ்டார்ட் ராஜா | வெள்ளி, இரவு 9:20

விண்டோஸ் அப்டேட்தான் சார், வேறென்ன. எனக்கும் ஒரு தடவை இப்படித்தான் ஆச்சு. ஃபார்மட் அடிச்சேன், சரியாச்சு.

---

கோவை கேபிள் | வெள்ளி, இரவு 10:03

ராஜா, ஜலதோஷம் என்று வந்தவரிடம் தலையை எடுத்துவிடலாம் என்கிறீர்கள். கணக்கர் சார், ஃபார்மட் எல்லாம் வேண்டாம். உங்கள் கணக்கு மென்பொருளைத் திரும்ப ஏற்றுவதற்குள் 20ஆம் தேதி போய்விடும்.

கருப்புத் திரையைத் திறங்கள் (ஸ்டார்ட் போய் சிஎம்டி). ஐபிகான்ஃபிக் என்று அடித்து என்டர். அதில் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் உங்கள் கணினியின் எண்), டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசலாக இருக்கும் பெட்டியின் எண்) இரண்டையும் இங்கே போடுங்கள். 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால் கணினிக்கு யாரும் முகவரி தரவில்லை, அதுவாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்புறம் கேட்வே எண்ணைப் பிங் செய்யுங்கள் (பிங் என்று அடித்து அந்த எண்ணையும் அடித்தால் அங்கிருந்து பதில் வருகிறதா என்று தெரியும்), அடுத்து பிங் 8.8.8.8, அது வெளியில் இருக்கும் கூகுளின் சர்வர். இரண்டிலும் என்ன பதில் வருகிறது என்று சொல்லுங்கள்.

---

நிரலி | வெள்ளி, இரவு 10:41

அந்த உருண்டைப் படம் எப்படி வருகிறது என்று பலருக்குத் தெரியாது, அதனால் ஒரு கிளைக்கதை. விண்டோஸ் 10 பின்னணியில் மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரிக்குப் போய் மிகச் சிறிய கோப்பு ஒன்றைக் கேட்கும். அதற்குள் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்றே சொற்கள். அவை அப்படியே வந்தால் நெட் இருக்கிறது, வராவிட்டால் உருண்டை. ஆகவே நெட் இருந்தும் உருண்டை வருவது உண்டு. உங்கள் விஷயத்தில் பக்கங்களும் திறக்கவில்லையா, உருண்டை மட்டும்தானா?

---

காவிரிக்கரை கணக்கர் | சனி, 16 நவம்பர், காலை 7:30

மேடம், பக்கங்களும் திறப்பதில்லை. ஒன்றுமே வராது.

கோவை சார், நீங்கள் சொன்னபடி செய்தேன். ஐபி முகவரி 192.168.1.7. கேட்வே 192.168.1.1. இரண்டு பிங்கும் நன்றாக வருகிறது, 8.8.8.8க்கு 20 சொச்சம் மில்லி செகண்ட்.

---

கோவை கேபிள் | சனி, காலை 8:02

சார், இப்போது நெட் இருக்கிறதா இல்லையா?

---

காவிரிக்கரை கணக்கர் | சனி, காலை 8:05

இருக்கிறது.

---

கோவை கேபிள் | சனி, காலை 8:06

காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறீர்கள். போகும்போது பாருங்கள் சார், போகும்போது. அதற்கு முன் ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்.

---

ரீஸ்டார்ட் ராஜா | சனி, காலை 11:15

ஃபார்மட் வேண்டாம்னா நெட்வொர்க் ரீசெட் பண்ணிப் பாருங்க சார். செட்டிங்ஸ்ல நெட்வொர்க் பக்கத்துக்குக் கீழே இருக்கும். எல்லா அடாப்டரையும் கழட்டி மறுபடி மாட்டும், அஞ்சு நிமிஷ வேலை.

---

காவிரிக்கரை கணக்கர் | சனி, இரவு 8:50

மாலை 6 மணிக்கு மறுபடி போய்விட்டது. கோவை சார் மன்னிக்கவும், கடைக்காரர் ஒருவர் லைனிலேயே நின்றதால் எண்களைப் பார்க்கப் பொறுமை இல்லை, ராஜா சொன்ன நெட்வொர்க் ரீசெட்டை அடித்துவிட்டேன். கணினி ஒரு முறை அணைந்து எழுந்தது, நெட் வந்துவிட்டது! ராஜாவுக்கு மிக்க நன்றி. தீர்ந்தது என்று குறிக்கலாம்.

---

ரீஸ்டார்ட் ராஜா | சனி, இரவு 8:52

😎

---

காவிரிக்கரை கணக்கர் | ஞாயிறு, 17 நவம்பர், பிற்பகல் 3:10

தீரவில்லை. மழை வேறு கொட்டுகிறது. மறுபடி உருண்டை.

---

ஓய்வு லைன்மேன் | ஞாயிறு, பிற்பகல் 3:40

தம்பி, தொலைபேசித் துறையில் 31 வருடம் கம்பம் ஏறியவன் நான். எங்கள் காலத்தில் மழை பெய்தால் பாதி ஊர் போன் கொரகொரவென்று இரையும். ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். ஃபைபரில் அந்தத் தொல்லை இல்லை, ஒளிதானே போகிறது. ஆனால் உன் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து மேசைக்கு வருவது செம்புக் கம்பிதான். அதன் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கிறதா பார். நாக்கு உடைந்தால் பிளக் உள்ளே இருப்பது போலவே தெரியும், பிடிமானம் இருக்காது. எலி கடித்திருக்கிறதா என்றும் பார். எட்டுக் கம்பியில் சில ஜோடிகள் போனாலும் இணைப்பு நின்றுவிடாது, 1000 வேகம் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். அதனாலேயே கண்டுபிடிக்க நாளாகும்.

---

காவிரிக்கரை கணக்கர் | ஞாயிறு, மாலை 5:25

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது! மேசைப் பக்கத்து நாக்கு உடைந்திருக்கிறது. கடைத்தெருவுக்குப் போய் 10 மீட்டர் புதுக் கேபிள் வாங்கி வந்து மாட்டினேன். மாட்டிய உடனே நெட் வந்தது. இதுதான் காரணம் என்று படுகிறது. ஐயாவுக்குக் கோடி நன்றி.

---

சேலத்து மாம்பழம் | ஞாயிறு, மாலை 6:48

எனக்கும் இதே பிரச்சினைதான், இந்த இழையிலேயே கேட்கிறேன். கரண்ட் போய் வந்தால் நெட் வருவதில்லை. எந்தப் பக்கம் போனாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பாக வருகிறது. பழைய கணினி.

---

நிரலி | ஞாயிறு, மாலை 7:05

மாம்பழம், உங்களுடையது இதே பிரச்சினை இல்லை. கீழே வலது மூலையில் தேதி என்ன காட்டுகிறது?

---

சேலத்து மாம்பழம் | ஞாயிறு, மாலை 7:09

1-1-2015. அட!

---

நிரலி | ஞாயிறு, மாலை 7:16

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டால் கரண்ட் போனதும் கடிகாரம் பின்னால் ஓடிவிடும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடங்கும் நாள், முடியும் நாள் உண்டு. 2015இல் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் பிரவுசர் நம்ப மறுக்கிறது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், மாற்றிவிடுங்கள். அடுத்த முறை தனி இழை தொடங்கினால் நல்லது.

---

காவிரிக்கரை கணக்கர் | திங்கள், 18 நவம்பர், பகல் 12:20

மறுபடி போய்விட்டது. புதுக் கேபிள், புது நாக்கு, எல்லாம் கெட்டியாக இருக்கிறது. இந்த முறை எண்களைப் பார்த்தேன் கோவை சார். ஐபி முகவரி முன்பு போலவே சரியாக இருக்கிறது, 169.254 இல்லை. கேட்வேக்குப் பிங் செய்தால் பதில் வருகிறது, 1 மில்லி செகண்டுக்கும் குறைவு. 8.8.8.8க்கு மட்டும் 'டெஸ்டினேஷன் நெட் அன்ரீச்சபிள்' என்று வருகிறது.

---

நிரலி | திங்கள், பகல் 12:34

கேட்வே வரை போகிறது, அதற்கு வெளியே போகவில்லை என்றால் லைன் பக்கம்தான் பழுது. கம்பெனிக்குப் புகார் கொடுங்கள்.

---

ஓய்வு லைன்மேன் | திங்கள், பகல் 1:10

லைன் பழுது என்றால் செல்போனில் எப்படியம்மா வரும்? ஒரே பெட்டியிலிருந்துதானே இரண்டும் போகிறது.

---

கோவை கேபிள் | திங்கள், பிற்பகல் 2:00

ஐயா கேட்டது நியாயம். அதையும் ஒரு தடவை உறுதி செய்துகொள்வோம். கணக்கர் சார், உங்கள் செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் பாருங்கள். வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்தால் பல செல்போன்கள் சத்தம் போடாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், மேலே வைஃபை விசிறி காட்டிக்கொண்டே இருக்கலாம். 'செல்போனில் வருகிறது' என்ற சாட்சியை அப்படியே நம்பி நான் ஒரு முறை பொள்ளாச்சி வரை போய் ஏமாந்திருக்கிறேன்.

---

காவிரிக்கரை கணக்கர் | திங்கள், மாலை 4:45

மொபைல் டேட்டாவை அணைத்துப் பார்த்தேன், கூடத்தில் வைஃபையில் நெட் உண்மையாகவே வருகிறது. ஆக லைன் நன்றாக இருக்கிறது.

அதற்குள் கம்பெனிக்கும் புகார் கொடுத்துவிட்டேன். ஒரு பையன் வந்தான். எல்ஓஎஸ் சிவப்பு விளக்கு எரியவில்லை, பச்சை எல்லாம் எரிகிறது, லைன் சுத்தம், உங்கள் கணினியில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனான். கணினி பழுதுபார்ப்பவரைக் கேட்டால் லைனில்தான் கோளாறு என்கிறார். நான் நடுவில் மத்தளம்.

---

கோவை கேபிள் | திங்கள், மாலை 5:02

அந்தப் பையன் சொன்னதில் தவறில்லை. ஃபைபர் அறுந்தாலோ மடங்கினாலோ எல்ஓஎஸ் சிவப்பாக எரியும், எரியவில்லை என்றால் ஒளி வீடு வரை வருகிறது.

எனக்கு ஒரு சந்தேகம். இப்போதும் நெட் இல்லைதானே? எதையும் தொடாதீர்கள். ஐபிகான்ஃபிக் அடித்து வரும் எண்களை ஒரு இலக்கம் விடாமல் இங்கே எழுதுங்கள். 'முன்பு போலவே' என்ற சொல் வேண்டாம். பிங் 8.8.8.8 பதிலையும் முழு வரியாக எழுதுங்கள், யாரிடமிருந்து அந்தப் பதில் வருகிறது என்று அதில் இருக்கும்.

---

காவிரிக்கரை கணக்கர் | திங்கள், மாலை 5:15

ஐபி முகவரி 192.168.0.102
கேட்வே 192.168.0.1
பிங் 8.8.8.8: 'ரிப்ளை ஃப்ரம் 192.168.0.1: டெஸ்டினேஷன் நெட் அன்ரீச்சபிள்.'

---

கோவை கேபிள் | திங்கள், மாலை 5:17

மாட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை நீங்கள் எழுதியதை மேலே போய்ப் பாருங்கள். அன்று 192.168.1.7, கேட்வே 192.168.1.1. இன்று புள்ளிகளுக்கு நடுவில் மூன்றாவது எண் 1 இல்லை, 0. உங்கள் வெள்ளைப் பெட்டி 192.168.1.1. அப்படியானால் இந்த 192.168.0.1 யார்? உங்கள் வீட்டுக்குள் இரண்டாவதாக ஒருவன் உட்கார்ந்துகொண்டு முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறான். உங்கள் கணினி அவனிடம் போய்விட்டது. அவனுக்கு வெளியே போக வழி இல்லை, அதனால் 'அங்கே போக முடியாது' என்று மரியாதையாகப் பதில் சொல்கிறான்.

பிரவுசரில் 192.168.0.1 என்று அடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் திறக்கிறது?

---

காவிரிக்கரை கணக்கர் | திங்கள், மாலை 5:31

சார், கை நடுங்குகிறது. எங்கள் பழைய ரவுட்டரின் லாகின் பக்கம் வருகிறது! ஃபைபருக்கு மாறியபோது மூன்று வருடம் முன்பு பரணில் தூக்கிப் போட்டது. பரணில் கிடக்கும் பெட்டி எப்படிப் பேசும்?

---

ஓய்வு லைன்மேன் | திங்கள், மாலை 5:36

பரணில் இருக்கிறதா என்று முதலில் ஏறிப் பார்.

---

காவிரிக்கரை கணக்கர் | திங்கள், மாலை 6:20

பரணில் இல்லை.

மாடியில் மகள் அறையில், புத்தக அலமாரிக்குப் பின்னால் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு மனைவியின் தம்பி வந்திருந்தார். மாடியில் சிக்னல் வரவில்லை என்று மகள் சொன்னாளாம். "இதுக்குப் போய் அத்திம்பேர்கிட்ட கேக்கணுமா" என்று அவரே பரணிலிருந்து எடுத்து, ஸ்விட்ச் பெட்டியில் இருந்து மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான் அன்று கடைவீதியில் பட்டாசு வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.

புதிதாக எதையும் மாற்றவில்லை என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

இன்னொன்று. மகள் பத்து நாளாக "அப்பா, என் டேட்டா மத்தியானமே தீந்துபோகுது, பெரிய பேக் போடு" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். செல்போனை நோண்டுவதுதான் காரணம் என்று நானும் திட்டிக்கொண்டிருந்தேன். கோவை சார் சொன்ன தாவல் அங்கேதான் நடந்திருக்கிறது. மாடியில் சிக்னல் நாலு கோடு, நெட் பூஜ்யம், செல்போன் தாவிவிட்டது.

---

நிரலி | திங்கள், மாலை 6:45

லைன் பழுது என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். 'கேட்வே வரை போகிறது' என்றதும் எந்தக் கேட்வே என்று கேட்கத் தோன்றவில்லை.

கணினிக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி என்ற இந்த முறையில் கூச்சல் போட்டுக் கேட்பதுதான் வழி. கணினி இணைந்ததும் 'யாராவது முகவரி தருவீர்களா' என்று மொத்த வீட்டுக்கும் கேட்கும்படி கூவுகிறது. யார் உண்மையான ஆள், யார் போலி என்று விசாரிக்கும் வழி வீட்டு நெட்வொர்க்கில் கிடையாது. பொதுவாக முதலில் வரும் பதிலை எடுத்துக்கொள்ளும். மகாமகக் கூட்டத்தில் பேருந்தை விட்டு இறங்கி 'ரூம் இருக்கா' என்று கேட்பது போல. முதலில் பையைப் பிடுங்குகிற புரோக்கரோடு போய்விடுவோம். ரால்ஃப் டிரோம்ஸ் 1993இல் முதலில் எழுதி, 1997இல் ஆர்எஃப்சி 2131 என்ற இணைய விதி ஆவணமாக இன்றைய வடிவம் கொடுத்த ஏற்பாடு இது. எங்கள் அலுவலகத்து ஸ்விட்சில் இன்ன போர்ட்டிலிருந்து வரும் முகவரியை மட்டும் நம்பு என்று கட்டிவைத்திருக்கிறார்கள். வீட்டில் வாங்கும் சாதாரண ஸ்விட்ச் பெட்டிக்கு அந்த அறிவு இல்லை.

---

ரீஸ்டார்ட் ராஜா | திங்கள், மாலை 7:00

அப்போ நான் சொன்ன நெட்வொர்க் ரீசெட்ல எப்படி சரியாச்சு?

---

கோவை கேபிள் | திங்கள், மாலை 7:40

நல்ல கேள்வி ராஜா. இந்த இழையில் எல்லோரையும் ஏமாற்றியது அதுதான்.

நெட்வொர்க் ரீசெட் கடைசியில் கணினியை ரீஸ்டார்ட் செய்கிறது. ரீஸ்டார்ட் ஆனால் கணினி முகவரிக்காக மறுபடி கூவும். ஐயா சொன்னபடி கேபிளைக் கழற்றி மாட்டினாலும் மறுபடி கூவும். இரண்டு பெட்டியும் விழித்திருக்கும்போது கூவினால் யார் முந்துகிறாரோ அவர் ஆள். வெள்ளைப் பெட்டி முந்தினால் நெட் வந்தது, நாம் கடைசியாக என்ன செய்தோமோ அதற்குப் பெயர் கிடைத்தது. ஃபார்மட் அடித்திருந்தாலும் சரியாகியிருக்கும், இரண்டு நாளைக்கு.

சரி, ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஏன் போகிறது? கணக்கர் சார், உங்கள் கணினி இன்வெர்ட்டரில் ஓடுகிறதா? வெள்ளைப் பெட்டி?

---

காவிரிக்கரை கணக்கர் | திங்கள், இரவு 8:05

கணினி, லைட், ஃபேன் எல்லாம் இன்வெர்ட்டரில். கூடத்தில் வெள்ளைப் பெட்டியும் ஸ்விட்ச் பெட்டியும் இருக்கும் பிளக் இன்வெர்ட்டரில் இல்லை. மாடியும் இல்லை.

இப்போதுதான் பிடிபடுகிறது. இந்த மழையில் கரண்ட் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் போய்ப் போய் வருகிறது. இன்வெர்ட்டர் இருப்பதால் நான் கவனிப்பதே இல்லை.

---

கோவை கேபிள் | திங்கள், இரவு 8:30

அதுதான் விஷயம். கரண்ட் வந்ததும் ஸ்விட்ச் பெட்டி சில விநாடிகளில் எழுந்துவிடும். அதற்குள் மென்பொருள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய ரவுட்டர் முக்கால் நிமிடத்துக்குள் எழும். வெள்ளைப் பெட்டி எழுந்து, ஃபைபரின் மறுமுனையில் இருக்கும் கருவியோடு பேசி, பதிவு செய்துகொண்டு நிமிர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கேபிளில் உயிர் வந்ததும் உங்கள் கணினி கூவுகிறது. அப்போது விழித்திருப்பவன் பரண்காரன் மட்டும்தான். செல்போனுக்கு இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் கூடத்து வைஃபை என்பதே வெள்ளைப் பெட்டி முழுதாக எழுந்த பிறகுதான் வருகிறது. அது கூவும்போது வெள்ளைப் பெட்டி பக்கத்திலேயே நிற்கிறது.

ஒரு முறை அவனிடம் போய்விட்டால் எளிதில் திரும்பாது. முகவரியைக் குத்தகைக்குத்தான் தருவார்கள். குத்தகையில் பாதிக் காலம் ஆனதும் கணினி அதே ஆளிடம் நேராகப் போய் நீட்டிக்கொள்ளும், மறுபடி வீட்டைக் கூட்டிக் கேட்காது. அந்தப் பழைய பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி என்ற இடத்தில் குத்தகை எத்தனை நிமிடம் என்று இருக்கும், பாருங்கள்.

இனி மருந்து. பெட்டியைத் தூக்கிப் பரணிலேயே போடலாம், ஆனால் மகளுக்கு மாடியில் சிக்னல் வேண்டும். அதை வைஃபை கம்பமாக மட்டும் வேலை செய்ய விடலாம். கேபிள் அதன் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கானது) இருக்கட்டும், வேறு நிறத்தில் இருக்கும் வேன் போர்ட்டில் (வெளி லைனுக்கானது) வேண்டாம். அதன் லேன் முகவரியை 192.168.0.1 என்பதிலிருந்து 192.168.1.2 ஆக்குங்கள், அந்த எண்ணை வேறு எதுவும் வைத்திருக்கவில்லை என்று பிங் செய்து பார்த்துவிட்டு. மறுபடி உள்ளே போய் டிஎச்சிபி சர்வரை அணையுங்கள். இந்த வரிசையில் செய்யுங்கள். டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் அந்தப் பெட்டிக்குள் நுழைய வழி தெரியாமல் வெளியில் நிற்பீர்கள்.

---

ஓய்வு லைன்மேன் | திங்கள், இரவு 8:44

வேன் போர்ட்டில் மாட்டினால் இந்தச் சண்டையே வராது அல்லவா?

---

கோவை கேபிள் | திங்கள், இரவு 8:51

வராது ஐயா. ஆனால் மாடி தனித் தீவாகிவிடும். கீழே பிரின்டர் இருந்தால் மாடியிலிருந்து அதைத் தேடினால் கிடைக்காது. நெட் பார்க்க மட்டும் என்றால் அதுவும் போதும்.

---

காவிரிக்கரை கணக்கர் | செவ்வாய், 19 நவம்பர், காலை 6:10

குத்தகை 120 நிமிடம் என்று இருந்தது. அதாவது என் கணினி மணிக்கு ஒரு முறை போய் அவனிடமே கும்பிடு போட்டிருக்கிறது.

வரிசை மாறிவிட்டது சார். ஆர்வக்கோளாறில் டிஎச்சிபியை முதலில் அணைத்து, பெட்டியையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே வெளியில் நின்றேன். பிறகு கணினியில் ஐபி முகவரியைக் கையால் 192.168.0.50 என்று போட்டு உள்ளே நுழைந்து, லேன் முகவரியை 192.168.1.2 ஆக்கினேன். வெளியே வந்தால் நெட் சுத்தமாக இல்லை. இரவு 11 மணி வரை மண்டையை உடைத்துக்கொண்டேன். கையால் போட்ட எண்ணை எடுத்துவிட்டு 'தானாகப் பெறு' என்று திரும்ப வைக்க மறந்திருக்கிறேன். வைத்ததும் 192.168.1.7 வந்து உட்கார்ந்தது.

மாடியில் மகளுக்கும் வருகிறது. பெரிய பேக் தேவையில்லை. இரண்டு கடைக்கு 3பி போட்டாயிற்று.

---

காவிரிக்கரை கணக்கர் | செவ்வாய், பகல் 11:38

அவசரம்! கரண்ட் போய் வந்தது. இப்போது 169.254 என்று தொடங்கும் எண் வந்திருக்கிறது! நெட் இல்லை!

---

கோவை கேபிள் | செவ்வாய், பகல் 11:41

பதறாதீர்கள், இது நல்ல செய்தி. போலி ஆள் இல்லை என்பதால் கணினி கூவியபோது யாரும் பதில் சொல்லவில்லை, வெள்ளைப் பெட்டி இன்னும் எழுந்துகொண்டிருந்தது. விண்டோஸ் தற்காலிகமாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டு 5 நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி கேட்கும். காத்திருங்கள், அல்லது கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

---

காவிரிக்கரை கணக்கர் | செவ்வாய், பகல் 11:44

எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. 192.168.1.7.

---

ஓய்வு லைன்மேன் | செவ்வாய், பகல் 12:15

வெள்ளைப் பெட்டியையும் ஸ்விட்ச் பெட்டியையும் இன்வெர்ட்டர் பிளக்குக்கு மாற்றிவிடு தம்பி. வயர் இழுக்க முடியாவிட்டால் ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறது, கையளவு பெட்டி. வாங்கும் முன் உன் வெள்ளைப் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள். பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனால் பாராமல் வாங்காதே. அப்புறம் அந்தப் பழைய பெட்டியின் மேல் மார்க்கரால் புது முகவரியை எழுதி வை. அடுத்த வருடம் உனக்கே மறந்துபோகும்.

---

காவிரிக்கரை கணக்கர் | ஞாயிறு, 24 நவம்பர், மாலை 5:50

எல்லாக் கடைக்கும் 3பி 20ஆம் தேதி மாலைக்குள் போய்விட்டது. வெள்ளைப் பெட்டியும் ஸ்விட்ச் பெட்டியும் இன்வெர்ட்டருக்கு மாறியாயிற்று, மின்வேலைக்காரர் அரை மணியில் முடித்தார். புதன்கிழமையிலிருந்து கரண்ட் நாலைந்து முறை போனது, நெட் ஒரு முறைகூட அசையவில்லை. பழைய பெட்டியின் மேல் 192.168.1.2 என்று மார்க்கரில் எழுதிவிட்டேன்.

நேற்று மைத்துனர் வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுத் தன் பையைத் திறந்தார். மொட்டை மாடிக்குச் சிக்னல் வருவதில்லையாம், அவர் வீட்டில் சும்மா கிடந்த ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்.